கோர்ஸ் வாக் எத்தனை மணிக்கு? 20 புள்ளி கொடுத்துக் கற்றது

முடிவுப் பட்டியல் நேற்று முன்தினம் வந்தது. குதிரையேற்றத்தில் ஈவென்டிங் போட்டி, ஒரு நட்சத்திர நிலை. கிராஸ் கன்ட்ரியில் (வெட்டவெளி, மரக்கூட்டம் வழியாக ஓடித் தடை தாண்டும் சுற்று) தடைகளில் பூஜ்யம், நேரத்தில் 11 விநாடி அதிகம், ஆக 4.4 தண்டப் புள்ளி. அடுத்த நிலைக்கான தகுதி கிடைத்துவிட்டது. இது இரண்டாவது முயற்சி. முதல் முயற்சி இன்னும் உறுத்துகிறது, அதனால் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான் இருக்கும். மற்ற இரண்டு சுற்றுகளான டிரஸ்ஸாஜ், ஷோ ஜம்பிங் பற்றி இங்கே எழுதவில்லை.

போன முறை தண்ணீர்த் தடை, காஃபின் (நடுவில் பள்ளம் உள்ள தடைத்தொடர்), ஸ்கின்னி (குறுகலான தடை) எல்லாம் எங்களுக்குப் பிரச்சினையே இல்லை. குதிரை நின்றது 9-ஆம் தடையில். வெட்டவெளியில் நீளமாக ஓடி மரக்கூட்டத்துக்குள் நுழைந்தால், நாலே ஸ்டிரைடில் (குதிரையின் பாய்ச்சலில்) ஒரு மரக்கட்டை. அந்த நிலையின் உச்ச உயரமான 1.05 மீட்டர்கூட இல்லை. கோர்ஸ் வாக்கில், அதாவது போட்டிக்கு முன் பாதையை நடந்து பார்க்கும்போது, அதைப் பார்த்து, "இது மூச்சு வாங்கிக்கொள்ள வைத்தது" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். மறுநாள் அதே கட்டைக்கு முன்னால் நெஞ்சு முட்ட நின்றது குதிரை. 20 புள்ளி. திருப்பிக் கொண்டுவந்தேன், பூனை மாதிரி தாண்டியது. அப்புறம் கடைசிவரை ஒரு தவறும் இல்லை. என்ன பயன், ஒரு மறுப்போடு தகுதி போயிற்று.

"திமிர் பிடித்துவிட்டது" என்று குதிரையைக் குறை சொன்னேன். பயிற்சியாளர் கேட்டது ஒன்றுதான்: "நீ எத்தனை மணிக்கு நடந்து பார்த்தாய்?"

மூன்று தடவை நடந்திருந்தேன். மூன்றும் முந்தைய நாள் சாயங்காலம். அப்போது வெளியிலும் உள்ளேயும் ஒரே மங்கல். என் தொடக்க நேரமோ காலை 10.42. வெளியே கண் கூசும் வெயில், மரங்களுக்குள் கருப்பு. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் பழக, குதிரையின் கண்ணுக்கு நம் கண்ணைவிட நேரம் பிடிக்கும். போதாததற்கு நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்ச தூரம் அதற்குப் பார்வையே கிடையாது. தூரத்திலேயே தடையைப் பார்த்து வைத்துக்கொண்டால்தான் உண்டு. நிமிடத்துக்கு 500 மீட்டர் வேகத்தில் நாலு ஸ்டிரைட் என்பது சுமார் இரண்டு விநாடி. பாவம், அது தாண்ட மாட்டேன் என்று சொல்லவே இல்லை, அங்கே ஒரு தடை இருப்பதே அதற்குத் தெரியவில்லை.

இந்த முறை செய்தது:

- முந்தைய நாளே, என் தொடக்க நேரத்தில் ஒரு நடை. பாதை மதியத்துக்கு மேல்தான் திறக்கும் என்றால், காலையில் சூரியன் எந்தப் பக்கம் நின்றது என்று குறித்துக்கொண்டு போங்கள்.
- அந்த நடை தனியாக. நண்பர்களோடு போனால் குறுக்கு வழியில் நடப்போம், குதிரையோடு வரப்போகும் வழியில் நடக்க மாட்டோம்.
- நிழல் விளிம்பிலிருந்து தடைவரை எண்ணுவது. என் காலடி 90 செ.மீ., நாலு காலடிக்கு ஒரு ஸ்டிரைட்.
- தண்ணீரில் மினுக்கம் எந்தப் பக்கம்?
- தடையின் இருபுறமும் நட்ட கொடிகள் பின்னணியில் மறைகிற இடம்.

நிழல் விளிம்புக்குப் பத்து ஸ்டிரைட் முன்னாலேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிட வேண்டும். கையால் இழுத்து வேகத்தைக் குறைத்தால் குதிரை தலையைத் தூக்கிக்கொண்டு கையோடு சண்டை போடும், தடையைப் பார்க்காது. உடம்பை நிமிர்த்தி, காலின் அழுத்தத்தை விடாமல், குட்டையான துள்ளல் கேன்டர் (நிதானமான பாய்ச்சல் ஓட்டம்). காஃபினுக்கு வருகிற அதே கேன்டர்தான்.

வீட்டுப்பாடமும் அப்படித்தான். உயரத்தை நான் கூட்டவே இல்லை. முழங்கால் உயரக் கட்டைகளை வெயிலிலிருந்து நிழலுக்கு, நிழலிலிருந்து வெயிலுக்கு என்று மாற்றி மாற்றித் தாண்டினோம். முதலில் டிராட் (மெதுவான குதியோட்டம்), பிறகு கேன்டர். ஸ்கின்னிக்கு மூன்று பீப்பாயில் தொடங்கி ஒன்றுக்கு வந்தோம், பக்கக் கம்புகளை எடுக்க அவசரப்படவில்லை. உடல்தகுதிக்கு இடைவெளிப் பயிற்சி எல்லாரும் செய்வதுதான், விட்டுவிடுகிறேன்.

நேரம் பற்றி. தகுதி பெற, பாதைக்கு வகுத்த உகந்த நேரத்தைவிட 75 விநாடி வரை தாமதிக்கலாம். புள்ளி 30 ஏறும், பட்டியலில் அடியில் கிடப்பீர்கள், ஆனால் தகுதி போகாது. போன முறை இது தெரிந்தும் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டினேன். இந்த முறை 500 மீட்டர் அளந்து வைத்து, கடிகாரமே இல்லாமல் ஒரு நிமிடத்தை உடம்பில் ஏற்றிக்கொண்டேன். போட்டியில் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அதன் பீப் சத்தம் மட்டும் போதுமாக இருந்தது.

நான் இயல்பாகவே பயந்தவன், பட்டியல் போடுகிறவன். துணிச்சல்காரர்களுக்கு இதெல்லாம் வளவளவென்று தோன்றும். உங்கள் குதிரை இருட்டிலும் கண்ணை மூடிக்கொண்டு பாயும் ரகமென்றால் சரி, போய் வாருங்கள். என்னுடையது யோசிக்கும் குதிரை.

இந்தத் தடவையும் மரங்களுக்குள் ஒரு தடை இருந்தது, 14-ஆம் எண். எனக்கு முன்னால் போனவர் விழுந்ததால் பாதை நிறுத்தப்பட்டு, என் தொடக்கம் 25 நிமிடம் தள்ளிப்போனது. அதற்குள் நிழல் நகர்ந்து, நான் எண்ணி வைத்த ஏழு ஸ்டிரைட் ஐந்தாகியிருந்தது. அதனால் தொடக்க நேரத்தில் நடப்பவர்கள், அரை மணி நேரம் கழித்து இன்னொரு முறையும் அந்த இடத்தில் போய் நில்லுங்கள்.