இப்னு துலூன் மசூதியைச் செப்புத் தகட்டில் வரைய

எட்சிங் என்றால் மெழுகு பூசிய செப்புத் தகட்டில் கோடு கீறி, கீறிய இடத்தை மட்டும் கரைசலால் அரித்து, மை இட்டுத் தாளில் அச்செடுப்பது. கெய்ரோவில் எட்சிங் போட ஒரே ஒரு கட்டடம்தான் என்றால், இப்னு துலூன் மசூதிக்குப் போங்கள். 876 முதல் 879 வரை கட்டியது. உடம்பெல்லாம் செங்கல்லும் சாந்துப் பூச்சும். மினாரா (தொழுகைக்கு அழைக்கும் கோபுரம்) மட்டும் கல், படிக்கட்டு அதன் வெளிப்புறத்தைச் சுற்றி ஏறுகிறது.

குளிர்காலம், பிற்பகல் 3 மணி நல்ல நேரம். வெள்ளிக்கிழமை வேண்டாம், தொழுகைக் கூட்டம் இருக்கும். தென்கிழக்கு மண்டபத்தில் வளைவுகள் ஐந்து வரிசை, மற்ற மூன்று பக்கமும் இரண்டே. அந்த ஐந்துக்குள் நின்று முற்றத்தைப் பார்த்தால், வெயில் இடப்புறமிருந்து சாய்ந்து மினாராவின் படிகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும். 1296இல் சுல்தான் லாஜின் எழுப்பிய நடுக் குவிமாடத்தை ஒதுக்கிவிடாதீர்கள். முற்றம் எவ்வளவு பெரியது என்பது அதை வைத்துத்தான் புரியும். மினாரா நடு அச்சிலிருந்து சற்று விலகி நிற்கிறது, படத்திலும் அப்படியே இருக்கட்டும்.

கட்டடக்கலை படித்த கை முதலில் தரைப்படம் போடும், பிறகு தூண் இடைவெளி, கடைசியில் வளைவு. ஒவ்வொரு தூணுக்கும் நான்கு மூலையிலும் ஒட்டுத்தூண் உண்டு. தூணின் தலைக்கு மேலே, இரண்டு வளைவுகளுக்கு நடுவில், சின்னதாக ஒரு வளைவுத் திறப்பு. அதை விட்டுவிட்டால் சுவரே கனத்துப்போகும்.

தகட்டுக்கு மாற்றும்போது இடவலம் திருப்ப வேண்டும். இல்லையென்றால் அச்சில் படிக்கட்டு எதிர்ப்பக்கம் சுற்றும், கூஃபி எழுத்து (பழைய அரபு எழுத்து வடிவம்) கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகத் திரும்பிவிடும்.

1 மி.மீ. செம்பு போதும். விளிம்பை 45 டிகிரிக்கு அரமிடுங்கள், கூர்மையாக இருந்தால் தாள் கிழியும். சுண்ணாம்புக்கல் தூளும் அம்மோனியாவும் போட்டுத் தேய்த்துக் கழுவினால் தண்ணீர் முத்து முத்தாகப் பிரியாமல் படலமாக நிற்க வேண்டும். எண்ணெய்ப் பசை மிச்சமிருந்தால் மெழுகுப் பூச்சு உரிந்து, கோடே இல்லாத இடத்தையும் ஃபெரிக் குளோரைடு (செம்பை அரிக்கும் கரைசல்) அரிக்கும்.

தூரத்தைக் காட்டுவது அரிக்கும் நேரம். எல்லாக் கோடுகளும் முதலில் 10 நிமிடம். கழுவி, மினாராவையும் எட்ட இருக்கும் வளைவுகளையும் வார்னிஷால் மூடுங்கள். நடு வரிசைக்கு மேலும் 15 நிமிடம். அதையும் மூடிவிட்டு முன் தூண்களுக்கு இன்னும் 30. தகட்டைச் செங்குத்தாக நிறுத்துங்கள். படுக்கப் போட்டால் கசடு கோட்டுக்குள் தங்கி அரிப்பை மட்டுப்படுத்தும். நெருக்கிப் போட்ட குறுக்குக் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து பள்ளமாகிவிடும் என்பதால், மண்டப இருட்டைக் கோட்டால் நிரப்ப வேண்டாம்.

அதற்கு அக்வாடின்ட்: ரோசின் என்ற பிசின் தூளைத் தகட்டில் தூவி, சூட்டால் ஒட்டவைத்து, துகள்களுக்கு நடுவே அரித்து நிழலை எடுக்கும் முறை. வெயில் விழும் முற்றத்தை முதலிலேயே வார்னிஷால் மூடிவிட வேண்டும், அந்த வெளிச்சம் வெறும் தாளின் வெண்மையாகவே வரட்டும். ரோசின் தூளுக்குச் சூடு குறைந்தால் அரிக்கும் கரைசலில் உதிரும். கூடினால் துகள்கள் உருகி ஒட்டிக்கொண்டு கரைசல் புக இடம் இருக்காது, இருட்டும் வெளிறிப்போகும். ஒரு துண்டுச் செம்பில் 1, 2, 4, 8, 16 நிமிடம் சோதித்துப் பார்த்துவிட்டே பெரிய தகட்டை இறக்குங்கள்.