22 பேரில் தனி ஆள்

இத்தாலியின் டஸ்கனி பகுதி ஊர்களைச் சுற்றிக் காட்டும் குழுப் பயணம் முடிந்து நேற்றுதான் வீடு வந்தேன். 22 பேரில் தனியாக வந்தது நான் மட்டும். தனி அறைக்கென்று கூடுதல் கட்டணம் கட்டும்போதே வயிறு எரிந்தது. கிடைத்ததோ மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு பொந்து!

முதல் நாள் இரவு எல்லாம் நாலு பேர் மேசைகள். எங்கே உட்காருவது என்று முழித்துக்கொண்டு நின்றேன். ஒரு பாட்டி ஒன்றும் பேசாமல் நாற்காலியை இழுத்து இரண்டு தட்டு தட்டினார். அப்புறம் வாரம் முழுக்க அதுதான் என் இடம்.

சான் ஜிமிஞானோவில் பணக்காரக் குடும்பங்கள் போட்டி போட்டுக் கட்டிய கோபுரங்கள் ஒரு காலத்தில் 72 இருந்தனவாம். இப்போது நிற்பவை 14. எங்களுக்குத் தந்த நேரம் 40 நிமிடம், அதில் பாதி கழிப்பறை வரிசைக்கே போயிற்று.

சியன்னாவில், வழிகாட்டி பேசுவதைக் கேட்கத் தந்த காதுக் கருவி கரகரவென்றது. கழற்றிப் பையில் போட்டுவிட்டு கம்போ சதுக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். சிப்பி போலச் சரியும் செங்கல் தரை, வெயிலில் இளஞ்சூடாக. குதிரைப் பந்தயம் ஜூலை 2, ஆகஸ்ட் 16 அன்று இதைச் சுற்றித்தான். அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்தது ஒரு புறா பின்னால் ஒரு குழந்தை மட்டும்.

லூக்காவில் மதியம் ஓய்வு. எங்கே சாப்பிடுவது என்று ஜோடிகள் சண்டை போட்டுக்கொண்டிருக்க, நான் வாடகை சைக்கிளில் கோட்டைச் சுவர் மேல் ஏறிவிட்டேன். ஒரு சுற்று சுமார் 4 கிலோமீட்டர், இரண்டு பக்கமும் மர நிழல். மூன்று சுற்று போனேன். கால் இன்னும் வலிக்கிறது.

படங்களை நாளைக்குப் போடுகிறேன். பாதியில் என் கட்டைவிரல்தான் இருக்கிறது.