நத்தத்துல எடம் பத்தல, தோட்டத்துல ரெண்டு போர்ஷன்

கோபி பக்கம் எங்க கிராமம். வீடு நத்தத்துல, அதாவது ஊருக்குள்ள குடியிருக்க விட்ட நிலத்துல இருக்கு, மொத்தமே ரெண்டரை சென்ட், 1089 சதுரடி, அதுக்குள்ள அப்பா அம்மா, நான், தம்பி, ரெண்டு பேர் வீட்டம்மா, மூணு குழந்தைங்கன்னு ஒம்பது பேர் இருக்கோம். அதான் தோட்டத்துல ரோட்ட ஒட்டுன 12 சென்ட்ல கீழ எனக்கு மேல தம்பிக்குன்னு ரெண்டு போர்ஷன் கட்டிரலாம்னு போன வருசம் முடிவு பண்ணோம்.

நம்ம நிலம், நம்ம வீடு, யாரக் கேக்கணும்னுதான் நாங்களும் நெனச்சோம். 2024 ஜூலைல வந்த சுயசான்று திட்டத்துல 2500 சதுரடி மனைல 3500 சதுரடி வரைக்கும் கட்ட உடனே ஆன்லைன்லயே அனுமதி கெடைக்குதுன்னு தம்பி சொன்னான். ஆனா அதுக்கு மொதல்ல அது மனையா இருக்கணும்ல, எங்களுது கிராமத்து நிலக் கணக்கான அ-பதிவேட்டுல புஞ்சைன்னு இருக்கு. மாஸ்டர் பிளான் எல்லைக்கு வெளிய இருக்கற விவசாய நிலத்துல வீடு கட்டணும்னா நகர் ஊரமைப்பு சட்டம் 47-ஏ பிரிவுல நில பயன்பாடு மாத்தணும், அதுக்கு 2017லயே விதி போட்டுட்டாங்க.

"கட்டிட்டு அப்புறம் பாத்துக்கலாம், ஊர்ல யாரு கேக்கறா"ன்னு நெறைய பேர் சொன்னாங்க. எனக்கு மனசு ஒப்பல. பிளான் அப்ரூவல் இல்லாம பேங்க்ல லோனுக்கு வாயே தொறக்க முடியாது, அது ஒரு பக்கம். நாளைக்கு எங்க பசங்க பாகம் பிரிக்கறப்ப இந்த வீடு கணக்குலயே இல்லாத வீடா நிக்கும், அதுதான் எனக்கு பெரிய பயம்.

கூட்டுப் பட்டாவ உட்பிரிவு பண்ணவே சர்வேயருக்கு காத்திருந்து மூணு மாசம் போச்சு. அப்புறம் எஃப்எம்பிங்கற நில அளவை வரைபடம், சிட்டா, வில்லங்கம் எல்லாம் சேத்து நில பயன்பாடு மாத்த மனு போட்டோம். புஞ்சைங்கறதால பரவால்ல, நஞ்சைன்னா கலெக்டர் வரைக்கும் போகணும்னாங்க. அது சரின்னுதான் நான் சொல்லுவேன். தடப்பள்ளி வாய்க்கா பாயற வயல்ல வரிசையா கல்லு நட்டு வித்தா அப்புறம் நெல்லு எங்க வெளையும்? எங்க 12 சென்ட் மேட்டாங்காடு, சோளம்கூட மழை பேஞ்சாத்தான்.

மனு போட்டது தெரிஞ்சதும் பக்கத்து தோட்டத்து பெரியப்பா எங்க வீட்டுக்கு வந்தாரு. வருத்தமாத்தான் பேசுனாரு. "ரெண்டு குடும்பத்து கழிவுத் தண்ணி எங்க போகும் சாமி, எங்கிணறு அங்கதான இருக்கு"ன்னாரு. எனக்கு சுருக்குன்னுச்சு, ஏன்னா பிளான்ல செப்டிக் டேங்க் அவரு கெணத்துப் பக்கமாத்தான் இருந்துது, நாங்க யாரும் அத யோசிக்கவே இல்ல. அவரு குடிக்கறது, மாட்டுக்கு வெக்கறது எல்லாம் அந்த தண்ணிதான். மறுநாளே இன்ஜினியர்கிட்ட சொல்லி டேங்க ரோட்டுப் பக்கம் மாத்தி, ரெண்டு குடும்பத்துக்கு தாங்கற மாதிரி பெருசா வரைய சொன்னோம், போர்டிகோ போச்சு, போகட்டும். புது பிளான பெரியப்பாகிட்ட விரிச்சு காட்டுனேன், கண்ணாடிய போட்டுட்டு கெணறு எங்க, டேங்க் எங்கன்னு வெரல் வெச்சு பாத்துட்டு சரின்னாரு.

வேளாண்மைத் துறைல இருந்து போன வாரம் வந்து நிலத்த பாத்துட்டு போனாங்க. ஃபைல் இன்னும் நடக்குது. அம்மா தெனமும் சாயந்தரம் அந்த எடத்துக்கு போய் நின்னுட்டு வருது.