தண்ணீர் வற்றியும் சாயாத படகு

விழித்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. படகு ஆடவே இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் சுற்றிலும் சேறு. கடல் வற்றத்தில் தண்ணீர் மொத்தமும் இறங்கிவிட, படகு நேராகத் தரையில் உட்கார்ந்திருந்தது. தலைமாட்டில் வைத்த குவளையில் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அடியில் கட்டை நீட்டிக்கொண்டிருக்கும் பாய்ப்படகாக இருந்தால் இந்நேரம் ஒருபக்கம் சாய்ந்திருக்கும், நானும் அதன் சுவரோடு உருண்டு கிடந்திருப்பேன். இந்த ஓர் இரவுக்காகவே தட்டையடிப் படகு கட்டலாம்.

கட்டியது நான்தான். 12 அடி நீளம், 4 அடி அகலம், 6 மில்லிமீட்டர் மரைன் ப்ளைவுட். ப்ளைவுட் 8 அடி நீளத்தில்தான் வரும். அதனால் இரண்டு பலகைகளின் முனைகளை 5 சென்டிமீட்டருக்குச் சரிவாகச் சீவி, ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒட்டி நீளமாக்க வேண்டும். பிறகு விளிம்பு நெடுகச் சிறு துளைகள் போட்டு, செம்புக் கம்பியால் தைத்து முறுக்கிக்கொண்டே போனேன். அதுவரை தரையில் கிடந்த தட்டைத் துண்டுகள், கடைசிக் கம்பிகளை முறுக்கும்போது சட்டென்று எழும்பிப் படகாகிவிட்டன. அன்றைக்கு அதற்குமேல் வேலை ஓடவில்லை. சுற்றிச் சுற்றி வந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் மூலைகளில் எபாக்சிப் பிசினும் மரத்தூளும் குழைத்த பசையை அப்பி, அதன்மேல் கண்ணாடி இழை நாடா ஒட்டினேன். எபாக்சியை ஒரே கிண்ணத்தில் நிறையக் கலக்காதீர்கள். தன் சூட்டிலேயே வெந்து சில நிமிடங்களில் கல்லாகிவிடும். கொஞ்சமாகக் கலந்து அகலத் தட்டில் பரப்பினால் நேரம் கிடைக்கும்.

பெட்டி மாதிரி இருக்கிறதே என்று இந்த வகைப் படகை ஒதுக்குபவர்கள் உண்டு. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூ ஹேவன் பக்கம் சிப்பி எடுத்தவர்கள் ஷார்ப்பி என்ற தட்டையடிப் பாய்ப்படகை வைத்துத்தான் பிழைத்தார்கள். 1947இல் கிளார்க் மில்ஸ் என்ற அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் பிள்ளைகளுக்காக ப்ளைவுட்டில் வடிவமைத்த ஆப்டிமிஸ்ட் படகும் தட்டையடிதான். உலகெங்கும் எத்தனையோ பிள்ளைகள் பாய் விடப் பழகுவது இன்றும் அதில்தான்.

இரண்டு நாள் பயணமாகக் காயலுக்குள் கிளம்பியபோது காற்று மெல்ல வீசியது. என் படகின் அடி தண்ணீரைத் தொடும் பரப்பு சுமார் 3 சதுர மீட்டர். அது ஒரு சென்டிமீட்டர் அமிழவே 30 கிலோ ஏற வேண்டும். நான், படகு, சாமான் எல்லாம் சேர்ந்து 200 கிலோ. ஒரு சாண் தண்ணீர் இருந்தால் தாராளம். நீர்ப்புற்கள் அடியில் உரசும் சத்தம் கேட்க, கொக்குகள் நடக்கிற ஆழத்தில் பாய் விரித்துப் போனேன். ஒரு சங்கடம் உண்டு: அடியில் பிடிமானம் இல்லாததால் படகு பக்கவாட்டில் வழுக்கும். அதைத் தடுக்க வெளிச்சுவரில் ஒரு பக்கப்பலகை தொங்குகிறது. தரை தட்டினால் அது தானே மேலே மடங்கிக்கொள்ளும்.

மதியம் காற்று ஏறியது. காயலில் அலை ஓடிவரும் தூரம் குறைவு, பெரிதாக எழாது. ஆனால் ஆழமில்லாத தண்ணீரில் அது குட்டையாக, செங்குத்தாக, நெருங்கி நெருங்கி வரும். தட்டையடியில் டப் டப் என்று அறை விழுந்தது. ஒவ்வோர் அறைக்கும் வேகம் செத்தது. காற்று போகும் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து படகை லேசாகச் சாய்த்தேன். அடியும் சுவரும் சேரும் மூலை அலையைக் கத்தி மாதிரி வெட்டத் தொடங்கியதும் சத்தம் அடங்கிவிட்டது. என்ன ஒரு நிம்மதி!

காற்று இன்னும் கூடினால் இந்த வித்தை உதவாது. தட்டையடிப் படகு முதலில் அசையாமல் நின்று நம்பிக்கை கொடுக்கும், ஓர் அளவைத் தாண்டிச் சாய்ந்தால் விறுட்டென்று கவிழ்ந்துவிடும். முன்னும் பின்னும் அடைத்த காற்றறைகள் வைத்திருக்கிறேன். அவை படகை மிதக்க வைக்கும், கவிழாமல் காக்காது. எங்கு பார்த்தாலும் வெண்நுரை தெரிந்ததும் எதிர்க்காற்றுப் பக்கம் திரும்பி, பாயின் கீழ்ப்பகுதியைச் சுருட்டிக் கட்டி அதைச் சிறிதாக்கினேன். முகத்துவாரத்தைக் கடக்கும் திட்டத்தை அங்கேயே விட்டேன். இந்தப் படகைக் கடலுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டவே வேண்டாம்.

ஒரு திட்டின் மறைவில் நங்கூரம் போட்டேன். பின்மூலையில் விரல் நீளத்துக்குப் பசையை நான் சரியாக நிரப்பவில்லை, அங்கே கசிந்திருந்தது. ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தேன், வீடு திரும்பியதும் சுரண்டி மறுபடி பூச வேண்டும். பாயைப் பாய்மரத்துக்கும் பின்பக்கத்துக்கும் இடையில் கூடாரமாகக் கட்டிப் படுத்தேன்.

விடியலுக்குக் கொஞ்சம் முன்பு அடியில் ஏதோ கிசுகிசுத்தது. ஏற்றம் திரும்பியிருந்தது. சேற்றுக் கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. குவளைத் தண்ணீரில் சின்னதாய் ஒரு நடுக்கம். முதலில் பின்பக்கம் மிதந்தது, பிறகு முழுப் படகும். எழுந்து நங்கூரக் கயிற்றை இழுத்தேன்.