டார்ச் பிடிக்கும் வேலை

கார் பெயிண்டில் விழும் சுழல் கீறல்களுக்கு ஒரு குணம் உண்டு. டார்ச் அடித்தால் வட்ட வட்டமாகத் தெரியும், டார்ச்சை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் அந்த வட்டமும் கூடவே நகர்ந்து வரும். டார்ச் பிடித்திருந்த எனக்கு இது சீக்கிரமே புரிந்துவிட்டது. அந்தக் கீறல்களை நீக்கும் பாலிஷ் மெஷினைப் பிடித்திருந்த என் கொழுந்தனாருக்குப் புரியவில்லை. பானட்டின் இடது மூலையில் வட்டம் தெரிகிறது என்று அங்கே மும்முரமாகத் தேய்ப்பார். கை வலிக்கிறதே என்று நான் டார்ச்சைச் சற்று வலப்பக்கம் சாய்ப்பேன். "அண்ணி, இங்கிருந்து அங்கே போய்விட்டது!" என்று எலி துரத்துகிறவரின் வேகத்தில் அவரும் மெஷினோடு வலப்பக்கம் பாய்வார். இருவருமாகச் சேர்ந்து பானட்டைச் சுற்றிச் சுற்றி வந்தோம்.

கார் புதியதல்ல. வேறொருவர் ஓட்டிய கருப்புக் கார். முந்தைய உரிமையாளர் அதை மிகவும் நேசித்தவர் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். நேசித்த விதம் பெயிண்டில் அப்படியே பதிவாகியிருந்தது: தூசி படிந்த காரை உலர்ந்த துணியால் விடாமல் துடைத்திருக்கிறார். நிழலில் நிறுத்தினால் நிலைக்கண்ணாடி தோற்றுப்போகும். வெயிலுக்கு வந்தால் சூரியனின் பிம்பத்தைச் சுற்றி ஆயிரம் மெல்லிய வட்டங்கள்.

"வட்ட வட்டமாகத் துடைத்திருக்கிறார் பாருங்கள்" என்றார் கொழுந்தனார். அப்படி ஒன்றும் இல்லை. நிறத்துக்கு மேலே பூசப்பட்டிருக்கும் கிளியர் கோட் முழுவதும் எல்லாத் திசைகளிலும் நுண்ணிய கீறல்கள் கிடக்கின்றன. வெளிச்சத்தின் பிம்பத்துக்குக் குறுக்காக விழுந்திருக்கும் கீறல்கள் மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன. மற்றவை அடக்கமாக இருந்துவிடுகின்றன. அதனால்தான் வட்டம் தெரிகிறது, அதனால்தான் அது டார்ச்சோடு கூடவே வருகிறது. நேர்க்கோட்டில் துடைத்திருந்தாலும் இதே வட்டம்தான். இதையெல்லாம் நான் விளக்கியபோது அவர் கேட்ட ஒரே கேள்வி: "டார்ச்சை ஆட்டாமல் பிடிக்க முடியுமா?"

அவருக்கு நியாயம் செய்ய வேண்டும். தொடங்கும் முன் காரை நன்றாகக் கழுவினார். கார் பெயிண்டுக்கென்றே விற்கும் களிமண் கட்டியை, வழுக்கும்படி நனைத்த பெயிண்டின் மேல் ஓட்டி, ஒட்டியிருந்த துகள்களையெல்லாம் எடுத்தார். அவற்றை விட்டுவைத்தால், மெஷினில் மாட்டித் தேய்க்கும் வட்டமான பேட் அவற்றை இழுத்துக்கொண்டு போய்ப் புதிய கீறல் போடும். மெஷினையும் சரியாகவே தேர்ந்தெடுத்திருந்தார். ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் ரோட்டரியைத் தொடவில்லை. பழகாத கையில் அது விளிம்புப் பெயிண்டைச் சுட்டுவிடும், வெயிலில் அலையலையாகத் தெரியும் தடங்களையும் விட்டுவைக்கும். இவர் வாங்கியது டூயல் ஆக்‌ஷன் வகை. அதன் பேட் சுழலவும் செய்யும், மையம் விலகி ஆடவும் செய்யும். தொடக்கக்காரர்களுக்கு ஏற்றது. விளிம்புகளிலும் கருப்பு பிளாஸ்டிக் பட்டைகளிலும் டேப் ஒட்ட வேண்டும் என்று கையேட்டில் இருந்தது. அந்தக் கையேட்டை அவர் பிரிக்கவே இல்லை. படித்தது நான் ஒருத்திதான். டார்ச் பிடிக்கிறவளுக்கு அவகாசம் நிறைய.

காம்பவுண்டை, அதாவது கீறலைத் தேய்த்து எடுக்கும் பசையை, பேட்டில் தாராளமாகப் பிழிந்தார். மெஷினைத் தூக்கிப் பிடித்தார். வேகத்தை ஐந்தில் வைத்தார். அந்தரத்திலேயே சுவிட்சைப் போட்டார்.

என் கண்ணாடியில் ஏழெட்டு வெள்ளைப் பொட்டுகள். சுவரில் ஒரு வரிசை. கார் கண்ணாடியிலும் வைப்பரிலும், டேப் ஒட்டப்படாத பிளாஸ்டிக் பட்டைகளிலும் கணக்கில்லை. கண்ணாடியைத் துடைத்துவிடலாம், சுவருக்கு வெள்ளை அடித்துக்கொள்ளலாம். அந்தப் பட்டைகளில் காய்ந்த வெள்ளையை நீக்க ஒரு பழைய பல் துலக்கும் பிரஷும் ஒரு முழு மாலைப் பொழுதும் தேவைப்பட்டன. பேட்டைப் பெயிண்டின் மேல் வைத்து, குறைந்த வேகத்தில் காம்பவுண்டைப் பரப்பிவிட்டு, பிறகுதான் வேகத்தைக் கூட்ட வேண்டும் என்பது கையேட்டின் இரண்டாம் பக்கத்தில் படத்தோடு இருந்தது.

முதல் சுற்று முடிந்ததும் வெற்றி விழா நடந்தது. கூரைக்கடியில் டியூப் லைட் வெளிச்சத்தில் பானட் பளபளத்தது. கொழுந்தனார் தன் அண்ணனை, அதாவது என் கணவரை, கூப்பிட்டுக் காட்டினார். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று வந்து, "முன்பும் இப்படித்தானே இருந்தது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். அவர் சொன்னதில் உண்மை இருந்ததுதான் கொடுமை. டியூப் லைட்டின் பரவலான ஒளியில் இந்தக் கீறல்கள் எளிதில் தெரியாது. டார்ச்சோ சூரியனோ, ஒரே புள்ளியிலிருந்து வரும் வெளிச்சம்தான் காட்டிக்கொடுக்கும்.

டார்ச் அடித்தபோதும் முதலில் பானட் சுத்தமாகவே தெரிந்தது. அடுத்த முறை காரைச் சோப்பு நீரில் கழுவியதும் அத்தனை கீறல்களும் திரும்பி வந்து நின்றன. காம்பவுண்டில் இருக்கும் எண்ணெய் கீறல்களை நிரப்பி மூடி வைத்திருந்திருக்கிறது. கழுவியதும் மூடி போய்விட்டது. அதன் பிறகு ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும், தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் அந்த எண்ணெயைத் துடைத்துவிட்டுத்தான் டார்ச் அடிப்பேன் என்று நிபந்தனை போட்டேன். கொழுந்தனாருக்கு இதில் வருத்தம். வெற்றியை அனுபவிக்க ஐந்து நிமிடமாவது விடக் கூடாதா என்பது அவர் கட்சி.

கீறல் ஏன் போகவில்லை? காம்பவுண்டு போலி என்றார், வேறு வாங்கினார். பேட் மிருதுவாக இருக்கிறது என்றார், கடினமானதை வாங்கினார். பிறகு மெஷினுக்குச் சக்தி போதவில்லை என்று சொல்லி, அந்தக் குறையைத் தன் சக்தியால் ஈடுகட்ட முடிவுசெய்தார். இரண்டு கைகளாலும் மெஷினை அழுத்திக்கொண்டு, உடம்பின் மொத்த எடையையும் அதன்மேல் சாய்த்தார். மெஷின் முனகியது. அவர் முகம் சிவந்தது. பானட்டில் எந்த மாற்றமும் இல்லை.

எனக்கோ பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. பேட் உதறிக்கொண்டிருந்தது, சுழலவில்லை. இவர் வாங்கியது போன்ற டூயல் ஆக்‌ஷன் மெஷினில் பேட்டை மோட்டார் நேரடியாகச் சுழற்றுவதில்லை. பேரிங்கில் தன்பாட்டுக்குச் சுழலும் அமைப்பு அது. அதிகம் அழுத்தினால் சுழற்சி நின்று வெறும் நடுக்கம் மட்டும் மிஞ்சும். மெஷினைச் சாய்த்துப் பிடித்து ஒரு விளிம்பு மட்டும் படும்படி தேய்த்தாலும் இதே கதைதான். சுழற்சி நின்றால் கீறலை வெட்டி எடுக்கும் வேலையில் பெரும்பகுதி நின்றுபோகும்.

"தம்பி, பேட் சுற்றவில்லை."

"சுற்றுகிறது அண்ணி. சத்தம் கேட்கவில்லையா?"

விவாதித்துப் பயனில்லை. மார்க்கர் பேனாவை எடுத்து, பேட் ஒட்டும் தட்டின் பக்கவாட்டில் தடிமனாக ஒரு கோடு போட்டேன். மெஷினைப் போட்டார், அழுத்தினார். கோடு ஒரே இடத்தில் நின்று அவரையே பார்த்தது. பிடியைத் தளர்த்தினார், கோடு மெதுவாக நகரத் தொடங்கியது. மெஷினின் எடையோடு கொஞ்சம் கை எடை, அவ்வளவுதான் அதற்கு வேண்டியிருந்தது. இத்தனை நாளும் அந்த மனிதர் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்திருக்கிறார்.

நான் அறிந்தவரை இந்த வேலைக்கு ஒரு மார்க்கர் கோட்டைவிட உபயோகமான கருவி கிடையாது. வளைவான மட்கார்டில் கோடு நின்றால் அந்த இடத்துக்குப் பேட் பெரிது என்று அர்த்தம். சிறிய பேட்டை மாட்ட வேண்டும். தட்டையான இடத்திலேயே கோடு நின்றால் பிடித்திருப்பவர் மூச்சு விட வேண்டும்.

கோடு சுற்றியும் சில இடங்களில் வட்டம் போகவில்லை. அங்கே வேறு குற்றவாளிகள். ஒன்று, காம்பவுண்டின் அளவு. பேட்டின் முகம் முழுவதும் முதலில் காம்பவுண்டைச் சீராகப் பூசிய பிறகு, ஒரு பகுதிக்குப் பட்டாணி அளவில் மூன்று நான்கு சொட்டுகள் போதும். இவர் ஊற்றிய அளவுக்குப் பேட் வழுக்கிக்கொண்டே போனது, பெயிண்டைப் பிடிக்கவில்லை. இன்னொன்று அழுக்கு. உரிந்து வந்த கிளியர் கோட்டும் பழைய காம்பவுண்டும் சேர்ந்து பேட்டின் முகத்தில் மேலோடாகப் படிந்துவிடும். ஒவ்வொரு பகுதிக்கும் பிறகு பிரஷால் தட்டி எடுக்க வேண்டும். பேட் சூடாகி ஈரமாகிவிட்டால் வேறு பேட்டுக்கு மாற வேண்டும். ஒரே பேட்டில் முழுக் காரையும் முடித்துவிடலாம் என்ற அவர் திட்டம் இங்கே கவிழ்ந்தது.

ஆனால் பெரிய குற்றவாளி அவசரம். சாப்பாட்டு மேசையைத் துடைக்கும் வேகத்தில் மெஷினை ஓட்டினார். அரை மீட்டருக்கு அரை மீட்டர் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, விநாடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் என்ற நடையில், ஒவ்வொரு கோடும் முந்தைய கோட்டில் பாதியை மூடும்படி, முதலில் நெடுக்காக, பிறகு குறுக்காக, நான்கிலிருந்து ஆறு முறை போக வேண்டும். நான் பக்கத்தில் நின்று விநாடிகளைச் சத்தமாக எண்ணினேன். பன்னிரண்டு எண்ணுவதற்குள் அவர் மறு எல்லையைத் தொட்டு நிற்பார். "திரும்பிப் போங்கள்" என்பேன். பள்ளிக்கூடத்தில்கூட யாரும் தன்னை இப்படி நடத்தியதில்லை என்றார். அப்படி நடத்தப்பட்ட அரை மீட்டர் சதுரத்தைத் துடைத்து டார்ச் அடித்தபோது, வட்டம் நகர்ந்து வந்து அந்த எல்லையில் சட்டென்று அறுபட்டது. உள்ளே வெறும் கருப்பு. கொழுந்தனார் டார்ச்சை என் கையிலிருந்து பிடுங்கி, அதை உள்ளேயும் வெளியேயும் ஆட்டி ஆட்டிப் பார்த்தார். டார்ச்சை ஆட்டக் கூடாது என்று சொன்ன அதே ஆள்.

காம்பவுண்டும் பேட்டும் வேகமும் சேர்ந்து இந்தப் பெயிண்டுக்கு என்ன செய்யும் என்பதை ஒரு சிறு சதுரத்தில் பார்த்துவிட்டுத்தான் மற்ற இடத்துக்குப் போக வேண்டும். அதுவும் மென்மையான பேட்டில் தொடங்கி, போதவில்லை என்றால் மட்டும் கடினமானதற்கு ஏற வேண்டும். அவர் தலைகீழாகப் போயிருந்தார். கடினமான பேட் சுழல் கீறலை எடுத்துவிட்டு, தன் பங்குக்கு மங்கலான படலம் ஒன்றை விட்டுச்சென்றது. அதை மென்மையான பேட்டும் நயமான பாலிஷும் கொண்டு மறுபடி நீக்கினார். நீக்கிய பிறகும் சில மெல்லிய கோடுகள் புதிதாக வந்துகொண்டே இருந்தன. அவற்றுக்குக் காரணம் துடைக்கும் மைக்ரோஃபைபர் துணியின் ஓரத்தில் தைத்திருந்த லேபிள். மிருதுவான பெயிண்டுக்கு அதுவே போதும் கீறுவதற்கு. கத்தரிக்கோல் எடுத்துவந்த பிறகுதான் வேலை நிஜமாகவே முன்னேறியது.

சுழல் கீறல்கள் போன பிறகு வேறொரு துக்கம் காத்திருந்தது. அவற்றின் கூட்டத்தில் ஒளிந்திருந்த நான்கைந்து ஆழமான தனிக் கீறல்கள் இப்போது எடுப்பாகத் தெரிந்தன. முன்பு இவை இல்லை என்று கொழுந்தனார் சத்தியம் செய்தார். இன்னும் ஒருமுறை, இன்னும் ஒரே ஒருமுறை என்று மெஷினைத் தூக்கினார். கிளியர் கோட் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான்தான் இருக்கும். மனிதத் தலைமுடியின் தடிமன்கூடச் சுமார் 70 மைக்ரான். நகத்தை ஓட்டினால் தட்டும் கீறலைப் பாலிஷால் முழுதாக எடுக்கப் போனால் கீறலுக்கு முன் கிளியர் கோட் தீர்ந்துவிடும். அளவுமானி வைத்துப் பார்த்தாலும் மொத்தப் பெயிண்டின் தடிமனைத்தான் சொல்லும். மேலடுக்கு மட்டும் எவ்வளவு மிச்சம் என்று சாதாரண மானி சொல்லாது. இதை நான் சொல்லி அவர் கேட்கவில்லை. என் கணவர் வந்து, "அந்தக் கீறலை விட்டுவிடு, கார் காணாமல் போனால் அடையாளம் சொல்ல உதவும்" என்றார். கேட்டார்.

இப்போது கார் வெயிலில் நிற்கிறது. கொழுந்தனார் அதை வெயிலில்தான் நிறுத்துகிறார், நிழல் இருந்தாலும். போன வாரம் அவருடைய நண்பர் ஒருவர் வந்து வெகுநேரம் பாராட்டிவிட்டு, "நல்லவேளை, என் காரில் இந்தத் தொல்லையே கிடையாது" என்றார். அவருடையது வெள்ளைக் கார். வெள்ளையில் இவை எளிதில் தெரியாது, அவ்வளவுதான். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் கையில் டார்ச் இருந்தது. அவருடைய கதவின் மேல் சாய்வாக அடித்து, சற்று இப்படி நின்று பாருங்கள் என்றேன்.

மெஷின் எங்கே வாங்குவது, எத்தனை பேட் வேண்டும் என்று கொழுந்தனாரிடம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். டார்ச் யார் பிடிப்பார்கள் என்று கேட்டேன். மனைவி இருக்கிறாளே என்றார். அவரிடம் இன்னும் சொல்லவில்லையாம்.