டீச்சர் எழுதிக் கொடுத்த ஒரு பக்கம்

மகனுக்கு ஏடிஹெச்டி (கவனம் நிற்காமை, அளவு மீறிய துறுதுறுப்பு) இருக்குமோ என்ற சந்தேகத்தில் மனநல மருத்துவரிடம் போனோம். ஸ்கேன் ஏதாவது எழுதித் தருவார் என்று நினைத்தால், இரண்டு படிவங்களைத் தந்தார். ஒன்று எங்களுக்கு, இன்னொன்று வகுப்பாசிரியருக்கு. இதைக் கண்டுபிடிக்கிற ஸ்கேன் எதுவும் கிடையாதாம். அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், 6 மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும். வீட்டில் மட்டும் ஆட்டம் போட்டால் காரணம் வேறாகவும் இருக்கலாம். அதனால்தான் ஆசிரியரையும் கேட்கிறார்கள்.

அப்போது படித்த பள்ளியில் அந்தப் படிவத்தைத் திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. எல்லாக் கேள்விக்கும் 'மிக அடிக்கடி' என்று மேலிருந்து கீழ்வரை ஒரே டிக். டாக்டர் பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டார்.

அடுத்த வருஷம், நான்காம் வகுப்புக்குப் பள்ளி மாற்றினோம். புது டீச்சர், "கொஞ்ச நாள் பிள்ளையைப் பார்த்துட்டு எழுதுறேங்க" என்றார். படிவத்தோடு தனியாக ஒரு பக்கமும் எழுதித் தந்தார். காலையில் ஓரளவு உட்காருகிறான், சாப்பாட்டுக்குப் பிறகு முடிவதில்லை. வாய்ப்பாடு மடமடவென்று ஒப்பிக்கிறான், கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் பாதி வரியில் நிற்கிறான். 'கொக்கு' என்பதைக் 'கெக்கு' என்று எழுதுகிறான், துணைக்கால் தொடர்ந்து விட்டுப்போகிறது. துறுதுறுப்பையே பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு இந்தக் கடைசி விஷயம் கண்ணில் பட்டதே இல்லை.

அந்தப் பக்கத்தைப் படித்த பிறகுதான் கற்றல் குறைபாட்டுக்கும் சோதிக்கச் சொன்னார் டாக்டர். உளவியலாளர் வாசிக்க, எழுத, கணக்குப் போட வைத்துப் பார்த்தார். ஏடிஹெச்டியோடு டிஸ்லெக்சியா என்கிற, வாசிக்க எழுதச் சிரமப்படும் கற்றல் குறைபாடும் இருந்தது.

இது மாற்றுத்திறனாளி சான்றிதழ் விஷயத்தில் பெரிய வித்தியாசம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசம் உண்டு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு உண்டு, ஏடிஹெச்டி மட்டும் பெயரளவில்கூட இல்லை. (ஏன் விட்டார்களோ!) ஆகவே கற்றல் குறைபாட்டுக்குத்தான் ஆன்லைனில் யூடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து, அரசு மருத்துவமனைக்குப் போய் வந்தோம். அங்கும் பள்ளி நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். மற்றபடி வரிசையில் காத்திருந்ததுதான்.

வகுப்பில் டீச்சர் பெரிதாக எதுவும் மாற்றவில்லை. ஜன்னலோரத்திலிருந்து முன் பெஞ்சுக்கு மாற்றினார். கணக்குகளை மொத்தமாகத் தராமல் இரண்டு மூன்றாகத் தருகிறார். மதியத்துக்கு மேல் நோட்டு அடுக்குவது, போர்டு துடைப்பது எல்லாம் அவன் பொறுப்பு. எழுத வராததை வாயால் சொல்லவிட்டு மதிப்பெண் போடுகிறார். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதைச் செய்கிறார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்குத் தலைமையாசிரியர் வழியாகத்தான் விண்ணப்பம் போக வேண்டும். அதற்கு இன்னும் வருஷங்கள் இருக்கின்றன. டீச்சர் எழுதியதை ஜெராக்ஸ் எடுத்து, சான்றிதழோடு ஒரே ஃபைலில் வைத்திருக்கிறோம்.