ஸ்பீட்ஸ்டர் உடுப்பில் ஒரு பீட்டில்

நகல் கார் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, அசலுக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதைத்தான். என்னைப் பொறுத்தவரை அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. யார் கட்டினார், எப்படிக் கட்டினார் என்பதே முதல் கேள்வி. வேலையில் இருந்த காலமெல்லாம் வெல்டிங்கைச் சோதித்துப் பார்த்துச் சம்பளம் வாங்கியவன் என்பதால் எனக்கு அப்படித்தான் தோன்றும்.

என் மைத்துனனுக்குப் பிடித்துப்போனது, போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டர் என்ற பழைய திறந்த ஸ்போர்ட்ஸ் காரின் நகல் ஒன்று. வெள்ளி நிறம், தாழ்ந்த முன்கண்ணாடி, சிவப்பு இருக்கைகள். "அச்சு அசல் அத்தான்" என்று படங்களை அனுப்பியிருந்தான். அடிப்பக்கத்தைக் காட்டும் படம் ஒன்றுகூட இல்லை. நேரில் பார்த்துவிடலாம் என்றேன்.

அசல் ஸ்பீட்ஸ்டர் 1954இல் வந்தது, எஃகு உடல். நகல்களில் பெரும்பாலானவை கண்ணாடியிழை உடலை ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் தரைச்சட்டத்தின் மேல் பொருத்திச் செய்தவை. இதில் கேவலம் எதுவும் இல்லை. 1948இல் பிறந்த முதல் 356 கார்களே பீட்டிலின் பாகங்களை எடுத்துத்தான் ஓடின. சிக்கல் வேறு இடத்தில். பீட்டிலின் முன் பின் சக்கரங்களுக்கு இடையே 2,400 மில்லிமீட்டர்; 356இல் 2,100. அதாவது, தரைச்சட்டத்தை நடுவே அறுத்து, ஏறக்குறைய ஒரு அடி நீளத்தை எடுத்துவிட்டு, மீண்டும் ஒட்டவைக்க வேண்டும். காரின் உயிர் அந்த ஒட்டில் இருக்கிறது.

ஆகவே வண்டியைத் தூக்கி நிறுத்தச் சொல்லி, விளக்கோடு அடியில் படுத்தேன். கறுப்புத் தார்ப்பூச்சு கனமாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். அசிங்கமான வெல்டிங்கை மறைக்க அதைவிட மலிவான வழி இல்லை. இங்கே பூச்சு மெல்லியதுதான். ஒட்டு தெளிவாகத் தெரிந்தது. தரைச்சட்டத்தின் நடுவே நீளமாக ஓடும் சுரங்கம் போன்ற மேட்டின் இரு புறமும் ஒரே சீரான அலையலையான வரி, ஓரங்களில் பள்ளம் அரிக்கவில்லை, துளைகள் இல்லை, மேலே தனித் தகடு வைத்து வலுவூட்டியிருந்தார்கள். அவசரப்படாத கை. எனக்குப் பாதி மனம் அங்கேயே இறங்கிவிட்டது. விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மூலைக்கு மூலை குறுக்காக அளந்தேன். இரண்டு அளவும் ஒத்துப்போயின. ஒத்துப்போகாவிட்டால் சட்டம் கோணலாக ஒட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். அதற்குப் பிறகு விலை பேச எதுவும் இல்லை.

உடலைப் பொறுத்தவரை, கதவுக் கீல்களையும் விளக்குகளையும் சுற்றிச் சிலந்திவலை போன்ற விரிசல்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இங்கே ஓட்டுநர் பக்கக் கீலில் சிறிது இருந்தது; பொறுத்துக்கொள்ளலாம். அதைவிட முக்கியம் மின்சாரம். எஃகு உடல் தானே மின்னோட்டத்தைப் பேட்டரிக்குத் திருப்பிக் கொண்டுபோகும், கண்ணாடியிழை போகாது. ஒவ்வொரு விளக்குக்கும் தனியாகத் திரும்புகம்பி இழுக்க வேண்டும், பலர் சோம்பேறித்தனமாக விட்டுவிடுவார்கள். முன்விளக்கு, பிரேக் விளக்கு, திருப்ப விளக்கு மூன்றையும் ஒன்றாகப் போடச் சொன்னேன். திருப்ப விளக்கு கண் சிமிட்டும்போதெல்லாம் பின்னால் இடப்பக்கச் சிவப்பு விளக்கும் மங்கி மங்கி எரிந்தது. ஒரு மாலை வேலை, ஆனால் கட்டியவர் எங்கே களைத்துப்போனார் என்பதைக் காட்டிக்கொடுத்தது.

இன்ஜினில்தான் மாட்டியது. அணைத்த நிலையில், பின்னால் இருக்கும் பெரிய புல்லியை இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னுமாக இழுத்துத் தள்ளினேன். "டக், டக்" என்று தெளிவாகக் கேட்டது. அந்தப் புல்லி மாட்டியிருக்கும் இன்ஜினின் சுழல்தண்டுக்கு (கிராங்க்ஷாஃப்ட்) நீளவாக்கில் அதிகபட்சம் 0.15 மில்லிமீட்டர் ஆட்டம்தான் அனுமதி. காதில் விழும் அளவுக்கு ஆடினால் அது எல்லை தாண்டிவிட்டது. இன்ஜினைப் பிளந்து பார்க்காமல் சரியாகாது. விற்பவர் "பழைய காற்றுக்குளிர் இன்ஜின் எல்லாம் இப்படித்தான் சார்" என்றார். எல்லாம் இப்படி இல்லை.

பெட்ரோல் குழாய்கள் வெடித்துக் காய்ந்திருந்தன. டேங்க் முன்னால், இன்ஜின் பின்னால்; ஒழுகினால் சூடான இன்ஜின் மேல்தான் விழும், கண்ணாடியிழையோ நன்றாக எரியும். வாங்கினால் முதல் நாளே மாற்ற வேண்டியது இதுதான். டயர்களில் தேடல் அதிகம் வேண்டாம். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் எப்போது தயாரித்தது என்று சொல்லும்: முதல் இரண்டு இலக்கம் வாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டையும் குறிக்கும். குறைவாக ஓடிய காரில் பள்ளம் தேயாமல் ஆழமாக இருந்தும் ரப்பர் கிழடாகியிருக்கும். இவை அப்படித்தான்.

பின் அச்சு பழைய ஊசலாடும் வகை: ஒவ்வொரு பின்சக்கரத்துக்கும் செல்லும் அரைத்தண்டுக்கு ஒரே மூட்டு, கியர்பெட்டி ஓரத்தில். வேகமான வளைவின் நடுவே ஆக்சிலேட்டரைச் சட்டென விட்டால் பின்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். மைத்துனனின் ஓட்டும் பழக்கம் எனக்குத் தெரியும் என்பதால் இதை அவனிடம் இரண்டு முறை சொன்னேன். பின்னாளில் வந்த இரட்டை மூட்டு அச்சாக இருந்திருந்தால் அந்தப் பேச்சே தேவைப்பட்டிருக்காது.

ஆவணத்தில் இருந்தது பீட்டிலின் ஆண்டு; அதுவே சரி. பின் இருக்கைக்குக் கீழே சுரங்கத்தின் மேல் பொறித்த எண்ணும் ஆவண எண்ணும் ஒன்றே. கட்டியவர் பாகங்களின் ரசீதுகளைத் தேதிவாரியாகக் கோப்பில் வைத்திருந்தார்.

விலையை அசல் ஸ்பீட்ஸ்டரோடு ஒப்பிடுவது வீண். உடல், பழைய பீட்டில், பாகங்கள் என்று கூட்டினாலே புதிதாகக் கட்டும் செலவு விற்பவர் கேட்டதைத் தாண்டும். உழைத்த மணிநேரங்களுக்கு யாரும் காசு தருவதில்லை. ஆகவே நல்ல ஒட்டு உள்ள பழைய நகல், புதிதாகக் கட்டுவதைவிட லாபம். இன்ஜின் சீரமைப்பு, குழாய்கள், டயர்கள் மூன்றையும் கழித்துவிட்டு வாங்கலாம் என்றேன். விற்பவர் இன்ஜினுக்குப் பாதிதான் குறைப்பேன் என்று நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் மறுபடியும் பேசப் போகிறான். புல்லியை அவரையே இழுத்துப் பார்க்கச் சொல் என்று சொல்லியிருக்கிறேன்.